சளியும் காபியும்: காஃபீன் எதுவரை துணை?

காபிக்கொட்டை, தேயிலை, கோக்கோ, கோலாக் கொட்டை ஆகியவற்றில் இயற்கையாகவே இருக்கும் கசப்புப் பொருள் காஃபீன். செடிக்கு அது பூச்சிகளை விரட்டும் கவசம். மனிதருக்கு உறக்கத்தை விரட்டும் மருந்து. 1819-இல் ஜெர்மானிய வேதியியலாளர் ஃப்ரீட்லீப் ரூங்க அதை முதன்முதலில் காபிக்கொட்டையிலிருந்து பிரித்தெடுத்தார். அவருக்கு அந்தக் கொட்டைகளைக் கொடுத்து ஆராயத் தூண்டியவர் கவிஞர் கதே. உலகில் மிக அதிகமானோர் அன்றாடம் உட்கொள்ளும் கிளர்ச்சியூட்டி இன்று இதுவே. சளி, இருமல், காய்ச்சல் என்றதும் சூடாக ஒரு காபியோ தேநீரோ குடிக்கத் தோன்றுவது பல நாடுகளில் உள்ள பழக்கம். மருந்துக்கடையில் விற்கும் சளி மாத்திரைகள் பலவற்றிலும் காஃபீன் ஒரு சேர்மானம். ரைனோ வைரஸ், இன்ஃப்ளுயென்சா, ஆர்.எஸ்.வி., கொரோனா போன்றவை மூச்சுப்பாதையைத் தாக்கும்போது இந்தப் பொருள் உண்மையில் என்ன செய்கிறது என்பதை மருத்துவ ஆய்வுகள் ஓரளவு தெளிவாகவே காட்டியுள்ளன.

உடலுக்குள் நடப்பது

குடித்த காபியிலுள்ள காஃபீன் ஏறக்குறைய முழுவதும் முக்கால் மணி நேரத்துக்குள் ரத்தத்தில் கலந்துவிடும். அங்கே அதன் முதல் வேலை, அடினோசின் என்னும் பொருளுக்கு வழிமறிப்பது. செல்கள் உழைக்க உழைக்க அடினோசின் சேர்கிறது. மூளையில் அது களைப்பையும் தூக்கத்தையும் உண்டாக்கும். ஆஸ்துமா உள்ளவர்களின் மூச்சுக்குழாயைச் சுருங்கச் செய்யும். வீக்கமும் அழற்சியும் எல்லை மீறாமல் நோய் எதிர்ப்புச் செல்களை அடக்கி வைக்கும். அடினோசின் வந்து அமர வேண்டிய ஏற்பிகளில் காஃபீன் முந்திக்கொண்டு அமர்ந்துவிடுகிறது. விழிப்பு, சற்றே தளர்ந்த மூச்சுக்குழாய், மாறிய எதிர்ப்பாற்றல் என்று அதன் விளைவுகள் பலவும் இந்த ஓர் இடத்திலிருந்தே கிளைக்கின்றன.

காஃபீனைச் சிதைக்கும் பொறுப்பு கல்லீரலுடையது. அங்குள்ள நொதி ஒன்று அதில் சுமார் 84 விழுக்காட்டைப் பாராக்சாந்தைனாகவும், 12 விழுக்காட்டைத் தியோபுரோமினாகவும், 4 விழுக்காட்டைத் தியோஃபிலினாகவும் மாற்றுகிறது. தியோபுரோமின், சாக்லேட்டின் கசப்புக்குக் காரணமான பொருள். தியோஃபிலின், ஆஸ்துமாவுக்குப் பல பத்தாண்டுகளாகத் தரப்பட்டுவரும் மருந்து. 1888-இல் ஆல்பிரெக்ட் கோசல் அதைத் தேயிலையிலிருந்து கண்டெடுத்தார். காஃபீனும் தியோஃபிலினும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் என்பதால்தான் மூச்சுத்திணறலுக்கும் காபிக்கும் உள்ள உறவு மருத்துவத்தில் நீண்டகாலமாகப் பேசப்படுகிறது.

மூச்சுக்குழாய்க்குச் சிறு தளர்வு

லண்டன் மருத்துவர் ஹென்றி ஹைட் சால்ட்டர் 1859-இல் ஆஸ்துமாவுக்குக் கடுங்காபியைப் பரிந்துரைத்து எழுதினார். அவரே ஆஸ்துமாவால் அவதிப்பட்டவர். பாலும் சர்க்கரையும் சேர்க்காமல், வெறும் வயிற்றில், திக்காகக் குடிக்க வேண்டும் என்பது அவருடைய அறிவுரை. இன்ஹேலர் இல்லாத காலத்தில் அது பலருக்குக் கைகொடுத்தது.

அந்த அனுபவத்தைப் பிற்கால ஆய்வுகள் அளந்து பார்த்தன. காக்ரேன் அமைப்பு 2010-இல் வெளியிட்ட மதிப்பாய்வு, ஆஸ்துமா உள்ள 75 பேர் பங்கேற்ற 7 சோதனைகளைத் தொகுத்தது. காஃபீன் மூச்சுக்குழாயின் செயல்பாட்டைச் சிறிதளவு கூட்டுகிறது, அந்த விளைவு 4 மணி நேரம் வரை நிற்கலாம் என்பது அதன் முடிவு. நுரையீரல் திறனை அளக்கும் பரிசோதனைக்குச் செல்பவர்கள் அதற்கு முந்தைய 4 மணி நேரம் காபி, தேநீர் அருந்தாமல் இருப்பது நல்லது என்று சொல்லும் அளவுக்கு அந்த மாற்றம் உண்மையானது.

ஆஸ்துமா நோயாளிகளுக்கு மூச்சிரைப்பு திடீரென முற்றுவதற்குச் சளி வைரஸ்கள் முக்கியமான காரணம். அந்த நேரத்தில் காபி தரும் தளர்வு, சால்பியூட்டமால் இன்ஹேலர் தருவதோடு ஒப்பிட மிகச் சிறியது. இன்ஹேலர் கையில் இருக்கும்போது காபியை நம்பிக் காத்திருப்பது ஆபத்து. கையில் இல்லாதபோதும், காபி மருத்துவமனைக்குப் போகும் வழியில் ஓர் ஆறுதலாக இருக்கலாமே தவிர, போவதைத் தள்ளிப்போடக் காரணமாகக் கூடாது.

பிஞ்சு நுரையீரலுக்கு ஒரு மருந்து

காஃபீன் உயிர்காக்கும் மருந்தாகவே நிலைபெற்ற இடம் ஒன்று உண்டு: குறைமாதக் குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவு. மாதம் நிறையுமுன் பிறந்த குழந்தைகளுக்கு, மூச்சுவிடக் கட்டளையிடும் மூளைப்பகுதி முதிர்ந்திருக்காது. இடையிடையே மூச்சு நின்றுபோகும். காஃபீன் சிட்ரேட் அந்தப் பகுதியைத் தூண்டி மூச்சை ஒழுங்காக்குகிறது. 500 முதல் 1,250 கிராம் எடையுடன் பிறந்த ஈராயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் நடந்த பன்னாட்டுச் சோதனையின் முடிவு 2006-இல் வெளியானது. நாள்பட்ட நுரையீரல் பாதிப்பு, காஃபீன் பெறாத குழந்தைகளில் 47 விழுக்காட்டினருக்கு வந்தது. பெற்றவர்களில் அது 36 விழுக்காடாகக் குறைந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் குழந்தைகளுக்கான அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் காஃபீன் சிட்ரேட் இடம்பெற்றுள்ளது.

ஆர்.எஸ்.வி. போன்ற வைரஸ்கள் தாக்கும்போது சில கைக்குழந்தைகளுக்கும் இதேபோல் மூச்சு நின்று நின்று வரும். குறைமாதக் குழந்தைகளுக்குப் பலித்தது இவர்களுக்கும் பலிக்கும் என்ற நம்பிக்கையில் பல மருத்துவர்கள் காஃபீனைப் பயன்படுத்திவந்தனர். கத்தார் நாட்டின் தோஹாவில் 90 குழந்தைகளிடம் அதை முறையாகச் சோதித்து 2016-இல் முடிவை வெளியிட்டார்கள். ஊசி வழியே ஒருமுறை காஃபீன் பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும், மூச்சு சீராக எடுத்துக்கொண்ட நேரத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. மூளை முதிராததால் நிற்கும் மூச்சும் வைரஸால் நிற்கும் மூச்சும் வெளியில் ஒன்றாகத் தெரிந்தாலும், ஒன்றுக்கான மருந்து மற்றொன்றுக்கும் உதவும் என்று எடுத்துக்கொள்ள முடியாது என்பதை அந்தச் சோதனை காட்டியது.

வைரஸைக் கொல்லுமா?

ஆய்வகக் கண்ணாடித் தட்டில் வளர்க்கும் செல்களில் காஃபீனைச் சேர்த்தால் சில வைரஸ்கள் பெருகுவது குறைகிறது. இன்ஃப்ளுயென்சா, போலியோ, ஹெர்ப்பிஸ் ஆகிய வைரஸ்களில் ஜப்பானிய ஆய்வாளர்கள் இதைக் கண்டு 2008-இல் வெளியிட்டார்கள். கொரோனா பரவிய 2020-க்குப் பிறகு, அந்த வைரஸின் புரதங்களில் காஃபீன் ஒட்டிக்கொள்ளுமா என்று கணினி மாதிரிகளில் பார்த்த ஆய்வுகளும் பல வந்தன. “காபி வைரஸைக் கொல்லும்” என்ற செய்திகளுக்குப் பெரும்பாலும் இப்படிப்பட்ட ஆய்வுகளே மூலம்.

இங்கே அளவைக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். ஒரு கோப்பை காபியில் ஏறக்குறைய 100 மில்லிகிராம் காஃபீன் இருப்பதாகக் கொண்டால், குடித்தபின் ரத்தத்தில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவுக்கு அது ஏறும். வைரஸைத் தடுக்கும் ஆய்வகச் சோதனைகளில் காஃபீன் பெரும்பாலும் மில்லிமோலார் அளவில் பயன்படுத்தப்படுகிறது. ஒரு மில்லிமோலார் என்றால் லிட்டருக்கு 194 மில்லிகிராம். ரத்தத்தில் காஃபீன் லிட்டருக்கு 80 முதல் 100 மில்லிகிராமை எட்டினாலே இதயத் துடிப்பு தாறுமாறாகி உயிர் போகக்கூடும். வைரஸைத் தடுக்கும் அளவை எட்டுவதற்கு முன்பே மனிதர் இறந்துவிடுவார். காபி குடித்து உடலுக்குள் வைரஸை ஒழிக்க முடியாது என்பதற்கு இந்தக் கணக்கே போதுமான விடை.

அழற்சியில் இரட்டை வேடம்

மூச்சுப்பாதை வைரஸ்கள் விளைவிக்கும் கேட்டில் ஒரு பங்கு வைரஸின் வேலை. மறு பங்கு அதை எதிர்க்கக் கிளம்பும் உடலின் அழற்சி. இந்த இடத்தில் சாதாரணமாகக் குடிக்கும் அளவு காஃபீனுக்கே விளைவு உண்டு. ரத்தச் செல்கள் சுரக்கும் டி.என்.எஃப். என்ற அழற்சிப் புரதத்தை அது குறைப்பதாக ஆய்வகச் சோதனைகள் காட்டியுள்ளன. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், முதியவர்களின் ரத்தத்தில் நாள்பட்ட அழற்சியைத் தூண்டும் மரபணுக் குழுக்கள் சிலருக்கு முடுக்கமாகவும் சிலருக்கு அடக்கமாகவும் இருந்தன. அடக்கமாக இருந்தவர்கள் காஃபீனை அதிகம் உட்கொள்பவர்களாக இருந்தார்கள்.

மறுபக்கமும் உண்டு. அழற்சிக்குத் தடை போடுவது அடினோசினின் வேலைகளில் ஒன்று. அந்தத் தடையைக் காஃபீன் விலக்கினால் அழற்சி மேலும் எரியலாம். கல்லீரல் அழற்சியுள்ள எலிகளில் 2007-இல் செய்த சோதனையில் குறைந்த அளவு காஃபீன் பாதிப்பைக் கூட்டியது. மிக அதிக அளவு காஃபீன் அதைக் குறைத்தது. ஒரே பொருள் அளவையும் வேளையையும் பொறுத்து நண்பனாகவும் பகைவனாகவும் ஆவதை இது காட்டுகிறது. வைரஸ் நிமோனியா முற்றிய நோயாளிக்குக் காஃபீனை அழற்சியைத் தணிக்கும் மருந்தாகக் கொடுக்கும் வழக்கம் மருத்துவத்தில் இல்லாததற்கு இந்த இரட்டைத் தன்மையும் ஒரு காரணம்.

பெருந்திரள் கணக்குகள்

காபி குடிப்பவர்களையும் குடிக்காதவர்களையும் ஆண்டுக்கணக்கில் பின்தொடரும் ஆய்வுகள் வேறு வகை. பிரிட்டனின் ‘யு.கே. பயோபேங்க்’ தகவல்தொகுப்பில் இருந்து, கோவிட் பரிசோதனை செய்துகொண்ட 37,988 பேரின் உணவுப் பழக்கத்தை அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தினர் ஆராய்ந்து 2021-இல் வெளியிட்டார்கள். நாளுக்கு ஒரு கோப்பைக்கும் குறைவாகக் குடித்தவர்களைவிட, ஒரு கோப்பையோ அதற்கு மேலோ குடித்தவர்களிடம் தொற்று உறுதியாவது ஏறக்குறைய 10 விழுக்காடு குறைவாக இருந்தது. காய்கறி அதிகம் உண்டவர்களிடமும் இதே போன்ற குறைவு தெரிந்தது. அமெரிக்காவில் 90,317 பேரைப் பின்தொடர்ந்து 2015-இல் வெளியான மற்றோர் ஆய்வில், காபி அருந்துவோர் நிமோனியாவாலும் இன்ஃப்ளுயென்சாவாலும் இறப்பது குறைவாக இருந்தது.

இந்த எண்களைப் படிக்கும்போது இரண்டு செய்திகளை மறக்கக் கூடாது. காபி குடிப்பதும் நோய் குறைவாக இருப்பதும் சேர்ந்து காணப்படுவதால் மட்டும் ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் ஆகிவிடாது. வருமானம், உணவு, வேலை, உடல்நிலை என்று பலவும் இடையில் உண்டு. ஏற்கெனவே நலிந்தவர்கள் காபியைக் குறைத்துக்கொள்வதும் கணக்கைத் திருப்பிவிடும். இன்னொன்று, 2015 ஆய்வில் காஃபீன் நீக்கிய காபி குடித்தவர்களிடமும் அதே போக்கு தென்பட்டது. ஆகவே, நன்மை உண்மையாகவே இருந்தாலும் அதன் புகழ் காஃபீனை மட்டும் சேராது. காபியில் குளோரோஜெனிக் அமிலம் முதலிய பல சேர்மங்கள் உள்ளன.

நோயாளி உணரும் நிவாரணம்

வைரஸை விரட்டாவிட்டாலும், சளி பிடித்தவரின் பாட்டைக் காஃபீன் குறைக்க முடியும். சளியின்போது கவனம் சிதறும், கை வேகம் குறையும், தலை கனக்கும். பிரிட்டன் உளவியலாளர் ஆண்ட்ரூ ஸ்மித்தும் குழுவினரும் 1997-இல் வெளியிட்ட ஆய்வில், சளி பிடித்தவர்கள் காஃபீன் உள்ள காபி குடித்தபின் அவர்களுடைய விழிப்பும் செயல்வேகமும் நலமாக இருந்தவர்களின் நிலைக்கு உயர்ந்தன. சளி மாத்திரைகளில் காஃபீன் சேர்வதற்கு ஒரு நோக்கம் இது. உடன் இருக்கும் ஒவ்வாமை எதிர்ப்பு மருந்து தரும் தூக்கக் கலக்கத்தையும் அது ஓரளவு ஈடுகட்டுகிறது.

மற்றொரு நோக்கம் வலி நிவாரணம். பாரசிட்டமால், ஐபுபுரோஃபன் போன்றவற்றோடு காஃபீனைச் சேர்ப்பதைப் பற்றிய 20 சோதனைகளைக் காக்ரேன் மதிப்பாய்வு 2014-இல் தொகுத்தது. 100 மில்லிகிராமோ அதற்கு மேலோ காஃபீன் சேர்ந்தால், நல்ல வலி நிவாரணம் பெறுவோரின் எண்ணிக்கை 5 முதல் 10 விழுக்காடு வரை கூடியது. இந்தியாவில் கிடைக்கும் சளி மாத்திரைகளில் காஃபீன் பெரும்பாலும் 30 மில்லிகிராம் அளவிலேயே இருக்கிறது. மாத்திரையோடு ஒரு காபியும் குடிப்பவருக்கே அந்தக் கூடுதல் பயன் கிட்டும் என்று சொல்லலாம்.

வைரஸ் போனபின்னும் வாரக்கணக்கில் விடாமல் இருக்கும் இருமலுக்கு ஈரானில் ஒரு சோதனை நடந்தது. மூன்று வாரத்துக்கு மேல் இருமிய 97 பேரை மூன்று குழுவாகப் பிரித்து, தேனும் இன்ஸ்டன்ட் காபித்தூளும் கலந்த லேகியம், பிரெட்னிசொலோன் என்னும் ஸ்டீராய்டு, சாதாரண இருமல் மருந்து ஆகியவற்றை வெந்நீரில் கரைத்து ஒரு வாரம் கொடுத்தார்கள். தேன்-காபி குழுவுக்கே இருமல் அதிகம் தணிந்தது. 2013-இல் வெளியான இந்த முடிவு மகிழ்ச்சி தருவதுதான். ஆனால் அது ஒரு சிறிய சோதனை. பயனில் தேனின் பங்கு எவ்வளவு, காபியின் பங்கு எவ்வளவு என்று அது பிரித்துக் காட்டவும் இல்லை.

சூட்டின் பங்கையும் மறக்கலாகாது. கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் 2008-இல் 30 பேருக்குப் பழச்சாறு பானத்தைச் சூடாகவும் சாதாரண வெப்பத்திலும் கொடுத்துப் பார்த்தார்கள். சூடாகக் குடித்தவர்கள் மூக்கொழுகல், தும்மல், இருமல், தொண்டைக் கரகரப்பு, குளிர், அசதி எல்லாமே உடனடியாகத் தணிந்ததாக உணர்ந்தார்கள். அதில் காஃபீன் கிடையாது. தமிழ்நாட்டு வீடுகளில் சளிக்குப் போடும் சுக்குக் காபி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. சுக்கு, மல்லி, மிளகு, கருப்பட்டி சேர்த்துக் கொதிக்கவைக்கும் அந்தக் கஷாயத்தில் பெயர் மட்டுமே காபி. காபித்தூள் சேர்த்தால் ஒழிய அதில் காஃபீன் இல்லை. அதனால்தான் அதை இரவிலும் குடிக்கலாம், குழந்தைகளுக்கும் கொடுக்கலாம்.

கெடுதல் தொடங்கும் இடம்

காஃபீன் செய்யக்கூடிய பெரிய தீங்கு, தூக்கத்தைத் திருடுவது. படுப்பதற்கு 6 மணி நேரம் முன்பு 400 மில்லிகிராம் காஃபீன் உட்கொண்டாலும் இரவுத் தூக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல் குறைவதாக 2013-இல் ஓர் ஆய்வு காட்டியது. தூக்கம் குறைந்தால் என்னவாகும் என்பதற்கு 2015-இல் வெளியான அமெரிக்க ஆய்வு விடை தருகிறது. 164 பேரின் தூக்கத்தை ஒரு வாரம் கருவியால் அளந்துவிட்டு, அவர்கள் மூக்கில் ரைனோ வைரஸ் சொட்டுகளை விட்டு, ஒரு விடுதியில் தனியே தங்கவைத்துக் கவனித்தார்கள். 7 மணி நேரத்துக்கு மேல் தூங்கியவர்களோடு ஒப்பிட, 6 மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கியவர்களுக்குச் சளி பிடிக்கும் வாய்ப்பு 4 மடங்குக்கும் மேல் இருந்தது. களைப்பைப் போக்கக் குடிக்கும் மாலைக் காபி, இரவுத் தூக்கத்தைக் கெடுத்து, அடுத்த சளிக்கு வாசலைத் திறந்துவைக்கலாம்.

காய்ச்சல் நேரத்தில் உடல் காஃபீனைக் கையாளும் வேகமும் மாறும். ஆரோக்கியமான பெரியவரின் உடலில் பாதிக் காஃபீன் சுமார் 5 மணி நேரத்தில் நீங்கிவிடும். கர்ப்பத்தின் பிற்பகுதியில் இந்த நேரம் 15 மணி வரை நீளும். பிறந்த குழந்தைக்கு நாட்கணக்கில் ஆகும். வைரஸ் தொற்று, காஃபீனையும் தியோஃபிலினையும் சிதைக்கும் கல்லீரல் நொதியை மந்தமாக்குகிறது. 1980-இல் அமெரிக்காவின் சியாட்டில் பகுதியில் இன்ஃப்ளுயென்சா பி பரவியபோது, வழக்கமான அளவில் தியோஃபிலின் எடுத்துவந்த ஆஸ்துமாக் குழந்தைகள் 11 பேருக்கு அந்த மருந்தே நஞ்சானது. காய்ச்சலின்போது வழக்கமான காபியே படபடப்பைத் தருகிறது என்றால் காரணம் இதுவாக இருக்கலாம். சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாட்டிக் மாத்திரையும் அதே நொதியைத் தடுக்கும். தியோஃபிலின் கலந்த மூச்சிரைப்பு மாத்திரை, சால்பியூட்டமால், மூக்கடைப்பு மருந்து ஆகியவற்றோடு காபியும் சேரும்போது இதயத் துடிப்பு எகிறும்; கை நடுங்கும்.

காய்ச்சலில் வாய்க்குப் பிடிக்காமல் காபியை அடியோடு நிறுத்திவிடுவோரும் உண்டு. அன்றாடம் குடித்துப் பழகியவர்களுக்கு, நிறுத்திய 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலியும் அசதியும் தொடங்கி ஒரு வாரம் வரைகூட நீடிக்கலாம். அது நோய் முற்றியதன் அடையாளம் என்று அஞ்சத் தேவையில்லை. ஒரு சிறு கோப்பை காபியில் அது அடங்கிவிடும். காபி உடலின் நீரை வற்றவைக்கும் என்ற அச்சமும் மிகையானது. பழகிய 50 ஆண்களுக்கு நாளுக்கு 4 கோப்பை காபி கொடுத்து 2014-இல் பார்த்த பிரிட்டன் ஆய்வில், தண்ணீர் குடித்தபோது இருந்த நிலைக்கும் இதற்கும் வேறுபாடு தெரியவில்லை.

எவ்வளவு, எப்போது?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியின்படி, 150 மில்லிலிட்டர் ஃபில்டர் காபியில் 80 முதல் 120 மில்லிகிராம் காஃபீன் உள்ளது; இன்ஸ்டன்ட் காபியில் 50 முதல் 65; தேநீரில் 30 முதல் 65. நாளுக்கு 300 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது அதன் வரம்பு. டிகாக்ஷனில் சிக்கரி கலந்திருந்தால் அந்தப் பங்குக்குக் காஃபீன் குறையும். சிக்கரியில் அது இல்லை. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் காபி, தேநீரைத் தவிர்க்கவும் அந்த வழிகாட்டி சொல்கிறது. அவற்றிலுள்ள டானின் உணவின் இரும்புச்சத்தை உடலில் சேரவிடாது. கர்ப்பிணிகளுக்கு நாளுக்கு 200 மில்லிகிராம் என்பது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் வரம்பு. சளி மாத்திரையில் உள்ள காஃபீனையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இந்த வரம்புக்குள், சளி பிடித்த பெரியவர் ஒருவர் காலையில் ஒன்று, முற்பகலில் ஒன்று என்று காபி குடிப்பதில் தவறில்லை. தலைக்கனம் குறையும், வேலை ஓடும், மாத்திரையின் வலி நிவாரணம் சற்றுக் கூடும். பிற்பகலுக்குப் பின் அதை நிறுத்திவிட்டு, சுக்குக் காபிக்கோ வெந்நீருக்கோ மாறுவது தூக்கத்தைக் காக்கும். குழந்தைகளுக்குச் சளி மருந்தாகக் காபி வேண்டாம். மூச்சுத்திணறல், உதடு நீலம் பாய்தல், நெஞ்சு இழுத்து இழுத்து மூச்சு வாங்குதல், மூன்று நாளைத் தாண்டும் கடுங்காய்ச்சல் ஆகியவை தெரிந்தால் மருத்துவரிடம் போவதே வழி. வைரஸைத் தடுக்கும் வேலை தடுப்பூசிக்கும் கைகழுவலுக்கும் முகக்கவசத்துக்கும் நல்ல தூக்கத்துக்கும் உரியது. நோயின் பாட்டைச் சில மணி நேரம் இலேசாக்குவதே காஃபீனின் வேலை. அதை அது நன்றாகவே செய்கிறது.